கடைசி முப்பத்தெட்டுப் பக்கம்

பூட்டுக்காரருக்குப் புத்தகங்களைப் பற்றிக் கருத்து இருந்தது. மனசுக்குள் இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. அதை எழுத்தில் கேட்டார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

கடைத்தெருவின் கோடியில் அவர் கடை. இரண்டு ஆள் ஒன்றாக நுழைந்தால் அவர் வெளியே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, சின்னதும் பெரிதுமாக அரங்கள், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். மாடியில் இரண்டு அறை. அதில் அவரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுத் துளைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது அந்தத் தொல்லையும் இல்லை.

அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அக்காவின் கை வழியாகத்தான் போனார்கள். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவள் உதவியாளர். கழுவுவது, கால் கட்டைவிரலில் அட்டை கட்டுவது, சொந்தக்காரர்களிடம் ஒப்படைப்பது எல்லாம் அவள் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோனது. இப்போது இதயமும் மக்கர் பண்ணியது. மூன்று மாதம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நல்ல டாக்டர், சொன்னால் சரியாகச் சொல்லுவார் என்றதோடு சரி.

இருவருக்கும் ஒரே பைத்தியம், கொலைக்கதை. மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பூட்டுக்காரர் மாடிக்குப் போவார். பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுவார். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. அது அக்கா போட்ட சட்டம். கொலைகாரன் கதவைத் தட்டுகிற இடத்தில் பத்தாவது பக்கம் முடிந்தாலும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தை முன்னாலேயே புரட்டிப் பார்ப்பது கள்ளச்சாவி போடுவதற்குச் சமம் என்பாள். பூட்டுக்காரருக்கு அது சுலபமாகப் புரிந்தது. சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அவர் தன் ஆயுசில் ஒரு பூட்டையும் திறந்ததில்லை.

புத்தகங்கள் பொது நூலகத்திலிருந்து வந்தன. கொலைக்கதை கிடைக்காத வாரங்களில் பேர்பெற்ற புது நாவல்களையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றில் ஒருவன் முந்நூறு பக்கம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏதாவது வேலைக்குப் போகச் சொல்லு என்றாள் அக்கா. இன்னொன்றில் முற்றுப்புள்ளியே கிடையாது. அதை வாசித்ததில் பூட்டுக்காரருக்கு மூச்சு வாங்கி, பத்துப் பக்கச் சட்டம் அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பரிசு வாங்கிய வேறொரு நாவலில் ஒரு குடும்பமே ஒருவரோடு ஒருவர் பேசாமல் கிடந்தது. அது அக்காவுக்குப் பிடித்துவிட்டது. பிணவறை வாசலில் அந்தக் குடும்பத்தை நூறு தரம் பார்த்திருக்கிறேன் என்றாள்.

கொலைக்கதை என்றால் இருவரும் நிபுணர்கள். பூட்டு வருகிற இடத்தில் அவர் நிறுத்துவார், பிணம் வருகிற இடத்தில் அவள் நிறுத்தச் சொல்லுவாள். எந்தக் கதையை எடுத்தாலும் எவனாவது ஒருவன் ஹேர்பின்னை நுழைத்துப் பூட்டைத் திறந்துவிடுகிறான். அங்கே வரும்போதெல்லாம் பூட்டுக்காரருக்கு ரத்தம் கொதிக்கும். ஹேர்பின்னுக்குத் திறக்கிற பூட்டு பொம்மைக்கடையில்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. துப்பறிகிற ஆள் எல்லாருக்கும் மனைவி செத்துப்போயிருப்பானேன் என்பது அக்காவின் நெடுநாள் சந்தேகம். "ஒருத்தனுக்காவது பொண்டாட்டி உயிரோட இருந்து, வர்றப்ப காய்கறி வாங்கிட்டு வான்னு சொல்லக் கூடாதா?"

இப்போது கையில் இருந்தது ஒரு பம்ப் அறைக் கொலை. நானூற்று எட்டுப் பக்கம். ஊருக்கு வெளியே ஒரு பம்ப் அறை, கதவில் வெளிப்பக்கமாக ஏழு லீவர் பூட்டு, அதன் ஒரே சாவி உள்ளே செத்துக்கிடப்பவனின் சட்டைப் பையில். அவன் நாற்காலியில் மரக்கட்டையாக விறைத்து உட்கார்ந்திருக்கிறான். செத்து மூன்று நாள் ஆயிற்று என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அக்கா அங்கேயே நிறுத்தச் சொன்னாள். மூன்று நாளான உடம்பு விறைப்பாக இருக்காது, இரண்டாம் நாளே தளர ஆரம்பித்துவிடும், எழுதினவனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று வைதாள். நூறு பக்கம் போன பிறகு ஒரு மத்தியானம் தானாகவே சொன்னாள்.

"எழுதினவன் முட்டாள் இல்லடா. டாக்டர்தான் பொய் சொல்றான். நேத்து செத்தவனை மூணு நாளாச்சுன்னு எழுதறான். மூணு நாளைக்கு முன்னாடி டாக்டர் வெளியூர்ல இருந்தான்னு ஒரு இடத்துல வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

பூட்டுக்காரர் புரட்டிப் பார்த்தார். வந்திருந்தது. அசந்துபோனார். ஆனால் சாவி உள்ளே இருக்கும்போது பூட்டு எப்படி வெளியே பூட்டிக்கொண்டது என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. முந்நூற்று எழுபது பக்கம் முடிந்தது. பாக்கி முப்பத்தெட்டு, நான்கு நாள் வேலை. டாக்டர்தானா, எப்படிப் பூட்டினான், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன் என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். பூட்டுக்காரருக்கு அது விளையாட்டாக விழவில்லை.

நடுவில் ஐந்து நாள் அக்காவின் மூச்சு முட்டலில் போயிருந்ததால் புத்தகத்தின் தவணை முடிந்துவிட்டது. அதுவரை புதுப்பிப்பது என்றால் ஒரு முத்திரை, இரண்டு நிமிஷம். இந்தத் தடவை போனபோது கவுண்டருக்கு மேலே புதுப் பலகை மாட்டியிருந்தது: கருத்துப் பிரிவு. புத்தகங்கள் போகின்றன, வருகின்றன, ஆனால் வாசகர் என்ன நினைக்கிறார் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். இனிமேல் கருத்து கொடுத்தால்தான் புத்தகம். பாதியில் புதுப்பித்தால் இடைக்காலக் கருத்து, முடித்துவிட்டால் இறுதிக் கருத்து.

படிவத்தில் நான்கு கேள்வி. முதலாவது, இந்நூல் தங்களை உலுக்கியதா? அதற்கு இரண்டு கட்டம்: ஆம், மிகவும். இரண்டாவது, இந்நூலிலுள்ள இருள் எவ்வகையானது? ஆழமான, அடர்ந்த, அடியற்ற. மூன்றாவது, இந்நூலைத் தங்களுடன் வேறு எவரேனும் பயன்படுத்தினரா? நான்காவது, தங்கள் கருத்து, முப்பது சொற்களுக்குக் குறையாமல். பின்பக்கத்தில் இருக்கும் சொற்றொடர்களில் குறைந்தது மூன்று அதில் வர வேண்டும். புரட்டிப் பார்த்தார். மனித மனத்தின் இருண்ட மூலைகளில் ஒளி பாய்ச்சுகிறது. கீழே வைக்க முடியவில்லை. முதுகுத்தண்டு சில்லிட்டது. நம் காலத்தின் குரல்.

பூட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார். பம்ப் அறைப் பூட்டு ஏழு லீவர் என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட பூட்டு சாவி இல்லாமல் பூட்டாது. பிணத்தைப் பற்றி அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, பிறகு தீர்ந்துவிட்டது. கதை நன்றாகப் போகிறது. முடிவைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு 'அக்கா' என்று எழுதினார்.

கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு முறை படித்தாள். "ஐயா, இது கருத்து இல்லீங்களே. தகவல்."

"உண்மைதானம்மா எழுதியிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். உண்மையா இருந்தா அது தகவல். கருத்துன்னா அப்படி இருக்கக் கூடாது."

அதோடு விடவில்லை. அக்கா உறுப்பினரா என்று கேட்டாள். இல்லை, கண் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன் என்றார். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கேட்பவர் வாசகர் ஆகமாட்டார், கேட்பவருக்குக் கருத்து கிடையாது, உறுப்பினர் அல்லாத ஒருவர் நூலகத்துப் புத்தகத்தைக் காதால் பயன்படுத்தியிருக்கிறார் என்று வருகிறது, அதற்குப் பெயர் செவிவழிப் பயன்பாடு என்றாள். புத்தகத்தை வாங்கி, 'கருத்து நிலுவை' என்று சீட்டு ஒட்டி, பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் வைத்தாள். முப்பத்தெட்டுப் பக்கமும் கண்ணெதிரே உள்ளே போயின.

புத்தகக் கடைகளில் விசாரித்தார். அது பழைய அச்சு, இனி வராது என்றார்கள். வேறு கிளை நூலகம் இருந்ததே என்று போய்ப் பார்த்தார். அதை மூடித்தான் கருத்துப் பிரிவுக்கு ஆள் எடுத்திருந்தார்கள்.

கருத்து தள்ளுபடி ஆனவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு என்று தெரிந்து அதற்குப் போனார். வகுப்பு வாசிப்பறையில் நடந்தது. அதனால் வாசிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் எதையாவது உண்மையாக எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள். பக்கத்தில் ஒரு தையல்காரர். நாவலில் வரும் கதாநாயகி ஒரே மத்தியானத்தில் கல்யாண உடுப்பைத் தைத்து முடிக்கிறாள், நடக்காது என்று எழுதிவிட்டாராம். பயிற்றுநர் முன்னாளில் சோப்பு விளம்பரத்தில் இருந்தவர். கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"முதல் பாடம். புத்தகத்தை நம்பிக் கருத்து எழுதாதீங்க. புத்தகம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும், கருத்து ஒரே மாதிரி இருக்கணும். என்னையே எடுத்துக்கங்க. நாப்பது நாவலுக்குக் கருத்து எழுதிக் குடுத்திருக்கேன், ஒண்ணைக்கூட நான் பிரிச்சதில்ல. பிரிச்சா பாரபட்சம் வந்துடும்."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பூட்டுக்காரரும் குறித்துக்கொண்டார். பிறகு பழகச் சொன்னார்கள். ஒரு செங்கல்லை மேஜையில் வைத்து, இதைப் பற்றி முப்பது சொல் எழுதுங்கள் என்றார்கள். தையல்காரர் கீழே வைக்க முடியவில்லை என்று எழுதிக் கைதட்டல் வாங்கினார். பூட்டுக்காரர் ஒரு ஓரம் பொரிந்திருக்கிறது, சூளையில் சரியாக வேகவில்லை என்று எழுதினார். அவரை மட்டும் விசாரணைக்கு எழுதிவைத்தார்கள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அக்காவின் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அதைத் தானே தொட்டுப் பார்த்து, இன்னும் மூன்று வாரம் என்று சொன்னாள். பிறகு புத்தகம் கிடைத்ததா என்று கேட்டாள்.

பூட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் செய்தார். கிடைத்துவிட்டது என்றார். ஒரு பழைய பூட்டு விலைப்பட்டியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்க வாசித்தார். டாக்டர் ஒரு நாள் செத்தவனின் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்சு எடுக்கிறார், வெளியூர்ப் பூட்டுக்கடையில் கொடுக்கிறார், கடைக்காரன் அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி மூன்றாவது தடவையில் சாவி பொருந்துகிறது. சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்து, லீவர்கள் எந்த வரிசையில் எழும்பின என்பது வரை போய்விட்டார். அக்கா கண்ணை மூடியபடி கேட்டாள்.

"இது நீயா சொல்றது" என்றாள்.

"புத்தகத்துல இருக்கு அக்கா."

"புத்தகத்துல எப்பவாவது பூட்டு சரியா இருந்திருக்கா? இதுல எல்லாம் சரியா இருக்கு. போடா."

அவருக்கு அழுகை வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

விசாரணை அடுத்த வாரம். கருத்து அதிகாரியின் அறையில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. சுவர் நிறையச் சட்டம் போட்ட கருத்துகள் தொங்கின. அதிகாரி நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். பூட்டுக்காரர் தன் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொன்னார். கருத்து எப்படி வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் முப்பத்தெட்டுப் பக்கத்தை இங்கேயே நின்றபடி படித்துவிடுகிறேன். அக்காவுக்கு நாள் குறைவு. அவளிடம் போய்ச் சொன்னால் போதும்.

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துச் சாய்ந்துகொண்டார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா பெரிசா யோசிங்க. வாசகர்னா யாரு? இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு இருக்க மாட்டாரு. கருத்து அப்படி இல்ல. கோப்புல ஏறிட்டா அது அழியாது. போன வருஷம் நமக்குப் பதினோராயிரம் கருத்து வந்துச்சு. பதினோராயிரமும் நல்ல கருத்து. புத்தகம் எடுக்கிறவங்க பாதியாக் கொறஞ்சுட்டாங்கன்னு சிலர் குத்தம் சொல்றாங்க. நான் அதை வளர்ச்சின்னு சொல்றேன். வாசகர் கொறஞ்சும் கருத்து கூடியிருக்குன்னா, வாசகரே இல்லாம எவ்வளவு கூடும்னு யோசிச்சுப் பாருங்க."

பூட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் தென்படவில்லை.

நடுவில் ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது என்றார் அதிகாரி. எவரோ ஒருவர் கருத்தில் கொலைகாரன் பெயரை எழுதிவிட்டாராம். முடிவு வெளியாகிவிட்டது. அப்படி இனிமேல் நடக்காதபடி நிரந்தரமான நடவடிக்கை எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, என்ன நடவடிக்கை என்று சொல்லாமல் மணியை அடித்தார். கோரிக்கை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரம் கொடுக்க ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு எண்ணும் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து நூலகத்துப் பியூன் கடைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். பிரித்தால் கோரிக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. கருத்துப் பிரிவின் இரும்பு அலமாரியைத் திறந்துதர வேண்டும் என்று இருந்தது. சாவியை எங்கே வைத்தால் பத்திரம் என்று கூட்டம் போட்டு, அலமாரியைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று முடிவு செய்து, சாவியை அதற்குள் வைத்துச் சாத்திவிட்டார்களாம். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற அலமாரி. கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை, தேதி. சொந்தக்காரர் சீட்டு என்றால் இதைவிடச் சுத்தமான சீட்டு கிடையாது. பூட்டுக்காரர் பூட்டுத் திறக்கும் கம்பிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். மாடிக்கு ஏறி அக்காவிடம், இன்றைக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்றார். அக்காவால் அப்போது உட்கார முடிவதில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

அலமாரியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அது சாதாரணப் பூட்டுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு திறந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மேல்தட்டில் சாவி இருந்தது. இரண்டாம் தட்டில், முதுகில் சீட்டோடு, பம்ப் அறை. எட்டிப் பிடிக்கிற தூரம். சொல்லாமல் கொள்ளாமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தாலும் அந்தக் கைதட்டலில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடிதத்தில் திறக்க மட்டும்தான் சொல்லியிருந்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அவர் கையைக் கட்டிக்கொண்டு அதிகாரியிடம் கேட்டார்: ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?

அதிகாரி சந்தோஷத்தில் இருந்தார். தாராளமாகப் பாருங்கள் என்றார்.

பூட்டுக்காரர் எடுத்தார். பத்துப் பக்கச் சட்டத்தை மனசுக்குள் ஓரமாக ஒதுக்கிவைத்தார். முந்நூற்று எழுபதாம் பக்கத்தைப் பிரித்தார். அதற்கு அப்பால் பின்னட்டை இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. பிளேடு வைத்து நறுவிசாக வெட்டியிருந்தார்கள், தையல் நூலைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கொலைக்கதையை எடுத்தார். அதிலும் கடைசி அத்தியாயம் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"அதான் நான் சொன்ன நடவடிக்கை" என்றார் அதிகாரி. "மர்ம நாவல் எல்லாத்துலயும் முடிவை எடுத்துட்டோம். இனிமே எந்த வாசகரும் முடிவை வெளியிட முடியாது. எடுத்ததுக்கப்புறம் கருத்தோட தரம் எப்படி ஏறியிருக்கு தெரியுமா? எல்லாருமே முடிவு எதிர்பாராததா இருந்துச்சுன்னு எழுதறாங்க."

வெட்டிய பக்கங்கள் எங்கே என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"பத்திரமா அழிச்சாச்சு. சான்றிதழ் இருக்கு, பாக்கறீங்களா?"

அவர் சான்றிதழையும் பார்த்தார். பம்ப் அறையின் பெயர் பதினேழாவது வரியில் இருந்தது, பக்க எண்ணிக்கையோடு. அழித்த தேதி, அவர் செங்கல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே நாள்.

கடைத்தெரு வழியாக நடந்து வரும்போது அவர் யாரையும் வையவில்லை. என்ன சொல்லுவது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கடைக்கு வந்து கம்பிகளை அதனதன் இடத்தில் வைத்தார். மாடிப்படியில் பாதியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு ஏறினார்.

அக்காவின் காதோரம் குனிந்து, முப்பத்தெட்டுப் பக்கத்தையும் அங்கேயே நின்று படித்துவிட்டேன் என்றார்.

"டாக்டரா?"

"டாக்டரேதான் அக்கா. நீ சொன்னது அப்படியே வருது. வெளியூர் போயிருந்ததுக்காகத்தான் தேதியை மாத்தி எழுதறான்."

அவள் முகத்தில் தெளிச்சி வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, பூட்டு எப்படி என்று கேட்டாள்.

பூட்டுக்காரர் அவள் காதுக்கு இன்னும் கிட்டப் போனார். "ஹேர்பின்" என்றார். "ஹேர்பின்னாலயே திறந்து, உள்ள போய்க் கொன்னுட்டு, வெளிய வந்து ஹேர்பின்னாலயே பூட்டறான்."

"ஏழு லீவரையா?"

"ஏழையும்தான். ரெண்டே நிமிஷத்துல."

அக்கா சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. "பொணம் சரியா எழுதினான் மடையன், பூட்டுல கோட்டை விட்டுட்டான்" என்றாள். "சுமார்தான். அடுத்தது என்ன எடுத்துட்டு வரப் போற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. பிணவறையில் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஆள் கட்டைவிரல் அட்டையைத் தொளதொளவென்று கட்டியிருந்தான். பூட்டுக்காரர் அதை அவிழ்த்து, அவள் எப்போதோ விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

ஒரு மாதம் கழித்து நூலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. பம்ப் அறை நாவலுக்குரிய கருத்து இன்னும் நிலுவையில் உள்ளது. போனார். அதே கவுண்டர், அதே பெண், அதே படிவம். எழுதாவிட்டால் தன் பிழைப்புக்குத்தான் கேடு என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். பூட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

உலுக்கியதா என்பதற்கு 'மிகவும்'. இருளுக்கு 'அடியற்ற'. நான்காவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அக்கா நம்பிக்கொண்டு போனது ஒரு முடிவு. அது உலகத்தில் எங்கேயும் எழுத்தில் இல்லை. இந்தப் பிரிவில் ஏறியது எதுவும் அழியாது என்று அந்த அதிகாரியே சொல்லியிருக்கிறார். எழுதினார்: டாக்டர் ஏழு லீவர் பூட்டை ஹேர்பின்னால் திறந்து ஹேர்பின்னால் பூட்டும் இடத்தில் முதுகுத்தண்டு சில்லிட்டது. முப்பத்தைந்து வருஷம் பூட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மிகச் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. மனித மனத்தின் இருண்ட மூலைகளில் ஒளி பாய்ச்சுகிறது. கீழே வைக்க முடியவில்லை.

அந்தப் பெண் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். முடிவை வெளியிட்டுவிட்டாரோ என்று சந்தேகம். உள்ளே போய்க் கேட்டாள். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். இதுதான் முடிவு என்று சொல்ல வேண்டுமானால் முடிவு தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லை. ஆகவே முடிவு வெளியாகவில்லை என்று எழுத்தில் தீர்மானம் ஆயிற்று. நல்ல கருத்து, நிபுணர் கருத்து, சட்டம் போட்டு மாட்டலாம் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

"ஒரு கேள்வி விட்டுட்டீங்க ஐயா" என்று அவள் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது கேள்வி. இந்நூலைத் தங்களுடன் வேறு எவரேனும் பயன்படுத்தினரா?

பூட்டுக்காரர் 'இல்லை' என்று எழுதினார்.

"இப்பதான் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி அவள் முத்திரையைக் குத்தினாள்.